சோழவரத்தின் நேர்க்கோடு, இருங்காட்டுக்கோட்டையின் வளைவுகள்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம் என்று போய்க்கொண்டே இருந்தால், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருங்காட்டுக்கோட்டை வரும். ஹூண்டாய் தொழிற்சாலையால் இன்று ஊரறிந்த பெயர் அது. ஆனால் கார் தொழிற்சாலை வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அங்கே கார் பந்தயத் தடம் வந்துவிட்டது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தன் சொந்தப் பொறுப்பில் கட்டி 1990-ல் ஓட்டத்துக்குத் திறந்த தடம். நீளம் 3.717 கிலோமீட்டர், வளைவுகள் 12. பல காலம் மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக் என்று அழைக்கப்பட்டது. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். சுற்றுவட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் ‘ரேஸ் டிராக்’ என்றால் போதும்.

பந்தயத் தடம் என்றால் வேகமாக ஓட்டுவதற்கு ஓர் இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வேகமாக ஓட்ட நேரான சாலை ஒன்று போதும். அதற்கு 12 வளைவுகள் எதற்கு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் இயற்பியலும் வரலாறும் ஒன்றாகவே வந்து நிற்கும். ஏனென்றால் சென்னைக்காரர்கள் முதலில் பந்தயம் ஓட்டியது உண்மையிலேயே ஒரு நேர்க்கோட்டில்தான்.

அந்த நேர்க்கோடு சோழவரம். அம்பத்தூர், ஆவடிப் பக்கத்திலிருந்து செங்குன்றம் போய், அங்கிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடித்தால் வரும் ஊர். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போயின, தளம் மிஞ்சியது. 1950-களின் முற்பகுதியில் மோட்டார் ஆர்வலர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். 1953-ல் கிளப் உருவானது. அதன்பின் 1980-களின் இறுதிவரை ‘சோழவரம் ரேஸ்’ இந்திய மோட்டார் பந்தயத்தின் தலைவாசலாக இருந்தது. கல்கத்தா, பம்பாய், பெங்களூர், கோயம்புத்தூர் என்று எல்லா ஊர்களிலிருந்தும் வண்டிகள் வந்தன. 1980-களில் விஜய் மல்லையா ஓர் என்சைன் பார்முலா ஒன் காரையே அங்கே கொண்டுவந்து ஓட்டினார்.

இது நம் ஊருக்கு மட்டும் வாய்த்த கதையல்ல. போருக்குப் பின் உலகெங்கும் கைவிடப்பட்ட விமானத் தளங்கள் பந்தயத் தடங்களாக மாறின. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் அப்படி வந்ததுதான். அமெரிக்காவின் செப்ரிங்கும் அப்படியே. 1948-ல் சில்வர்ஸ்டோனில் முதல் பெரிய பந்தயம் நடந்தபோது, குறுக்காக வெட்டும் இரண்டு ஓடுதளங்களையும் தடத்தில் சேர்த்தார்கள். இரண்டு பக்கமிருந்தும் கார்கள் நடுவை நோக்கி எதிரெதிரே பாய்ந்து வந்து, கடைசி நேரத்தில் திரும்பின. எதிரில் வருகிறவரைப் பார்த்து ஓட்டுநர் மிரளாமலிருக்க நடுவில் கித்தான் திரை கட்டியிருந்தார்கள். அடுத்த ஆண்டே ஓடுதளங்களை விட்டுவிட்டு, தளத்தைச் சுற்றிப்போகும் ஓரச்சாலைக்கு மாறிக்கொண்டார்கள். 1950 மே 13-ல் முதல் பார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப் பந்தயம் நடந்தது அந்த ஓரச்சாலையில்தான்.

ஓடுதளம் பந்தயத்துக்கு ஏன் வசதி, ஏன் வசதிக்குறைவு என்று பார்ப்போம். விமானம் இறங்க வேண்டிய தளம் அகலமாக, தட்டையாக, மேடு பள்ளமின்றி இருக்கும். ஓரத்தில் மரமோ கம்பமோ இருக்காது. வழி தவறிய கார் திறந்தவெளியில் ஓடி நிற்கலாம். இதெல்லாம் நல்லது. ஆனால் தளம் நேராகப் போகிறது. போன வண்டி திரும்பி வரவேண்டுமே! வைக்கோல் கட்டுகளையும் டிரம்களையும் வரிசையாக வைத்து, முனையில் ஊசி வளைவு ஒன்றை உண்டாக்கினார்கள். நேர்ப்பாதையில் முழு வேகம், பிறகு மிதித்த பிரேக்கோடு கிட்டத்தட்ட நின்று திரும்புவது, மறுபடி முழு வேகம். சோழவரத்தின் அடிப்படை இலக்கணம் இதுதான்.

ஆகவே சோழவரம் ஒரு வண்டியிடம் இரண்டு கேள்விகளைத்தான் முதன்மையாகக் கேட்டது. எஞ்சினுக்கு எவ்வளவு மூச்சு? பிரேக் எத்தனை முறை தாங்கும்?

இரண்டாவது கேள்வியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 900 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 144 கிலோமீட்டரில், அதாவது விநாடிக்கு 40 மீட்டரில் வருகிறது. இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பது. இங்கே 7,20,000 ஜூல். காரை நிறுத்த வேண்டுமென்றால் இத்தனை ஆற்றலும் சில விநாடிகளில் பிரேக்கில் வெப்பமாக இறங்கவேண்டும். வீட்டுச் சமையலறைக் குழாயில் பிடித்த இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம் அது. ஒவ்வொரு சுற்றிலும் இப்படி.

அந்தக் காலத்து பியட்டிலும் அம்பாசடரிலும் இருந்தவை டிரம் பிரேக்குகள். சுழலும் இரும்பு டிரம்மின் உட்புறத்தை பிரேக் ஷூ வெளிநோக்கி அழுத்தும். டிரம் சூடானால் விரியும்; விரிந்தால் ஷூவை விட்டு விலகிப்போகும். ஓட்டுநர் பெடலை இன்னும் ஆழமாக மிதிக்கவேண்டும். டிஸ்க் பிரேக்கில் கதை மாறுகிறது: தட்டு சூட்டில் தடித்தாலும் இருபுறமும் பிடித்திருக்கும் பேடை நோக்கித்தான் தடிக்கும், காற்றும் படும். இன்று டிஸ்க் இல்லாத கார் அரிது. அன்று சோழவரத்தின் ஐந்தாவது ஆறாவது சுற்றில் பெடல் தரைவரை போவதை அனுபவித்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் பாடம் நடத்தத் தேவையிருந்திருக்காது.

எஞ்சின் பக்கம் வந்தால், எடையைக் குறைப்பதும் எஞ்சினைப் பிழிவதும் ஒன்றே. விசை அதேதான்; நிறை குறைந்தால் முடுக்கம் கூடும். பெங்களூரில் 1982-ல் வெளிவந்த சிபானி டால்பின் காரின் உடல் பைபர்கிளாஸ். குடும்பக் காராக அது அவ்வளவு எடுபடவில்லை. பந்தயக்காரர்களோ அதை விரும்பி வாங்கினார்கள், எடைக்காகவே.

இந்த இடத்தில் சென்னையின் மேற்குப் புறநகரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சோழவரம் உச்சத்துக்கு ஏறிய அதே ஆண்டுகளில்தான் பாடி, அம்பத்தூர், ஆவடி என்ற வரிசை தொழிற்பேட்டையாக எழுந்தது. அம்பத்தூரில் டன்லப் டயர் தொழிற்சாலை 1959-ல். பாடியில் லூகாஸ் டிவிஎஸ் 1961-ல். பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் 1962-ல். சக்கரம் செய்ய வீல்ஸ் இந்தியா. ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல். 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. டயர், பிரேக், சக்கரம், மின்சாதனம் என்று ஒரு வண்டியின் பல உறுப்புகள் சில மைல்களுக்குள். அவற்றைச் சுற்றி லேத் பட்டறைகள், வார்ப்புச் சாலைகள், மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைக் கையால் தடவிச் சொல்லும் மேஸ்திரிகள். இப்படியொரு சுற்றுப்புறம் இல்லாத ஊரில் மோட்டார் பந்தயம் பணக்காரர்களின் இறக்குமதி விளையாட்டாகவே நின்றுபோயிருக்கும் என்பது என் துணிபு. டிவிஎஸ் நிறுவனம் 1982-லேயே தனக்கென்று பந்தய அணி அமைத்துக்கொண்டது. கோயம்புத்தூரில் எஸ். கரிவர்தன், மாருதி 800-ன் மூன்று சிலிண்டர் 796 சிசி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். பார்முலா மாருதி என்ற அந்த எளிய வண்டியில்தான் ஒரு தலைமுறை இந்திய ஓட்டுநர்கள் பந்தயம் கற்றார்கள். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார்; கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சோழவரத்தின் நிலம் கிளப்புடையதல்ல. கூட்டம் பெருகப் பெருக, வைக்கோல் கட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பவர்களின் பாதுகாப்பும் கவலையானது. சொந்தத் தடம் வேண்டும் என்ற முடிவிலிருந்து பிறந்ததுதான் இருங்காட்டுக்கோட்டை. அங்கே கேள்வித்தாளே மாறியது. எஞ்சினும் பிரேக்கும் பழைய பாடம். புதிய பாடம் வளைவு.

வளைவில் கார் திரும்புவதற்கு உள்நோக்கிய விசை வேண்டும். அந்த விசையைத் தருவது எஞ்சின் அல்ல, டயருக்கும் தரைக்கும் இடையிலான பிடிப்பு. உள்ளங்கை அகலமுள்ள நான்கு ரப்பர் பரப்புகள், அவ்வளவுதான். தேவைப்படும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், வளைவின் ஆரம் கூடக்கூடக் குறையும். நல்ல டயர் காரின் எடைக்குச் சமமான பக்கவாட்டு விசையைத் தரும் என்று கொண்டால், 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் யாராலும் போக முடியாது. பத்து லட்சம் ரூபாய் வண்டியானாலும் பத்துக் கோடி ரூபாய் வண்டியானாலும் டயர் ஒன்றென்றால் வரம்பும் ஒன்றே. எடை கூடினால் பிடிப்பும் கூடும், தேவையான விசையும் அதே அளவு கூடும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

அப்படியானால் ஓட்டுநரின் திறமைக்கு என்ன வேலை? இங்கேதான் பந்தயக் கோடு வருகிறது. தடத்தின் அகலம் 12 மீட்டர், காரின் அகலம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். செங்கோண வளைவு ஒன்றில் நடுவே ஓட்டினால் ஆரம் 50 மீட்டர். மாறாக, வெளி ஓரத்திலிருந்து தொடங்கி, வளைவின் நடுவில் உள் ஓரத்தை உரசி, மறுபடி வெளி ஓரத்துக்கே போய் முடித்தால், கார் வரையும் வில்லின் ஆரம் ஏறத்தாழ 79 மீட்டர். வடிவியல் தெரிந்தவர்கள் தாளில் வரைந்து சரிபார்க்கலாம். ஆரம் 50-லிருந்து 79 ஆனால் வேக வரம்பு 80-லிருந்து 100-க்குத் தாவுகிறது. எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் தொடாமல் 20 கிலோமீட்டர் கிடைத்துவிட்டது.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. வளைவுக்குப் பின் நீண்ட நேர்ப்பாதை இருந்தால், உள் ஓரத்தைத் தொடும் புள்ளியைக் கொஞ்சம் தள்ளிவைப்பார்கள். நுழையும்போது வேகத்தைக் கூடுதலாகக் குறைத்து, சீக்கிரமாகத் திருப்பிமுடித்து, மற்றவர்களுக்கு முன்னதாக ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது. நுழைவில் கொஞ்சம் நேரம் போகும். ஆனால் 500 மீட்டர் நேர்ப்பாதையில் சராசரி வேகம் 150-க்குப் பதில் 153 என்றால், அதில் மட்டும் ஏறத்தாழ கால் விநாடி மிச்சம். பத்துச் சுற்றுப் பந்தயத்தில் அது ஏறத்தாழ இரண்டரை விநாடி. முதலிடத்துக்கும் நான்காமிடத்துக்கும் நடுவே பல முறை அவ்வளவு இடைவெளிகூட இருப்பதில்லை.

வளைவுகள் தனித்தனியாக நிற்பதுமில்லை. ஒரு வளைவிலிருந்து வெளியேறும் இடம் அடுத்த வளைவுக்குத் தவறான பக்கமாக இருந்தால், முதல் வளைவில் கிடைத்த லாபத்தை அடுத்ததில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். 12 வளைவுகளையும் ஒரே வாக்கியமாகப் படித்து ஓட்டுகிறவர்தான் தேறுவார். சோழவரத்தில் துணிவும் பட்டறையும் பெருமளவு போதுமானவையாக இருந்தன. இருங்காட்டுக்கோட்டை அதோடு நினைவாற்றலையும் பொறுமையையும் கேட்டது. பிற்காலத்தில் நம்மவர்கள் வெளிநாட்டுத் தடங்களில் ஈடுகொடுக்க முடிந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். நாராயண் கார்த்திகேயன் பார்முலா மாருதியில் இங்கே தொடங்கி, 2005-ல் ஜோர்டன் அணியில் பார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் ஆனார். சென்னைக்காரரான கருண் சந்தோக் 2010-ல். எதிர்த்திசையிலும் ஆட்கள் வந்தார்கள்: எம்ஆர்எப் சேலஞ்ச் என்ற கார் பந்தயத் தொடருக்காக மிக் ஷூமாக்கர் இங்கே ஓட்டினார், 2019 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஜேமி சாட்விக் இதே தடத்தில் அந்தத் தொடரின் பட்டத்தை வென்றார், அதை வென்ற முதல் பெண்ணாக.

தடத்தின் மேற்பரப்பைக் கிட்டப்போய்ப் பார்த்தால் வேறொரு உலகம். பந்தய நாளின் பிற்பகலில், வளைவின் ஓரத்தில் தரையைப் பாருங்கள். நடுவே ஒரு பட்டை மட்டும் கருத்து, பளபளத்துக் கிடக்கும். எல்லாரும் ஒரே கோட்டில் ஓட்டுவதால் படிந்த ரப்பர் அது. அதற்கு வெளியே, வளைவின் புறவோரத்தில், சுருண்ட புழுக்கள் மாதிரி கருப்புத் துணுக்குகள் சிதறியிருக்கும். எடுத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக, விரலில் ஒட்டும். டயரிலிருந்து உரிந்தவை. கருத்த பட்டையில் ரப்பர் மேல் ரப்பர் ஓடுவதால் பிடிப்பு கூடும். துணுக்குகள் கிடக்கும் இடத்தில் கால் வைத்த கார் உருளைகளின் மேல் ஏறியது போலச் சறுக்கும். ஒருவரை முந்த வேண்டுமென்றால் கோட்டை விட்டு அந்தப் பக்கம் போயாக வேண்டும். முந்துவது ஏன் கடினம் என்பதற்கு இது முக்கியக் காரணம். இரவில் ஒரு மழை பெய்தால் பட்டை முழுக்கக் கழுவிப்போய், காலையில் எல்லாரும் புதிதாகத் தொடங்கவேண்டும்.

ரப்பர் பிடிப்பதே தனிச் சங்கதி. தார்ச்சாலையின் மேல் துருத்தியிருக்கும் ஜல்லி முனைகளுக்குள் ரப்பர் அழுந்தி, வடிவம் மாறி, மறுபடி பழைய வடிவத்துக்கு வரத் தாமதிக்கிறது. பிடிப்பில் அந்தத் தாமதத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. இதற்கு ரப்பர் குறிப்பிட்ட சூட்டில் இருக்கவேண்டும். பந்தய டயர்கள் பெரும்பாலும் 80, 100 டிகிரிப் பக்கத்தில் வேலை செய்யும்படி கலக்கப்படுகின்றன. குளிர்நாடுகளில் அந்தச் சூட்டுக்கு டயரை ஏற்றுவதே பாடு. நம் ஊரில் நடுப்பகல் வெயிலில் தார்ப்பரப்பு 55, 60 டிகிரியைத் தொடும். ஏற்றுவது எளிது, தக்கவைப்பதுதான் கடினம். கொஞ்சம் அதிகமாக அழுத்தி ஓட்டினால் ரப்பர் குழைந்து பிடிப்பு நழுவும். எஞ்சினுக்கும் வெயில் பகைதான். 35 டிகிரிக் காற்று 15 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ 6 சதவீதம் அடர்த்தி குறைந்தது. ஒவ்வொரு மூச்சிலும் அவ்வளவு ஆக்ஸிஜன் குறைவு.

இனி, தவறு நடந்தால் என்ன ஆகும் என்பது. தடத்தின் விலை உயர்ந்த பகுதி ஓடும் பாதையல்ல, அதைச் சுற்றியுள்ள வெற்றிடம். விநாடிக்கு 20 மீட்டரில், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டரில் மோதும் கார் அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளிருப்பவர் மேல் புவியீர்ப்பைப்போல் 40 மடங்கு விசை இறங்கும். அதே கார் ஒன்றரை மீட்டரில் நின்றால் 14 மடங்குதான். அந்த ஒரு மீட்டர் வித்தியாசத்தைத் தரத்தான் டயர்களை அடுக்கி, ஒன்றோடொன்று முடுக்கிச் சுவராக வைக்கிறார்கள். அதற்கு முன் சரளைப் படுகை. அதற்கும் முன் வெறும் வெளி. சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு ஒரு தடத்துக்குத் தரச்சான்று தரும்போது அளப்பதில் பெரும்பகுதி இவைதான். இருங்காட்டுக்கோட்டைக்கு உள்ளது இரண்டாம் தரச்சான்று. பார்முலா ஒன்னுக்கு முதல் தரம் வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் உயிர் போகிறது. 2023-ல் மட்டும் இந்தத் தடத்தில் இரண்டு மரணங்கள்: ஜனவரியில் கார் பந்தயத்தில் மூத்த ஓட்டுநர் ஒருவர், ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன். அந்தப் பையனின் செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்த விளையாட்டைப் பார்க்கும் கண் மாறிவிட்டது. டயர் சுவரும் சரளையும் தடத்தை விட்டு வெளியே போனவரைத்தான் காக்கும். பைக்கிலிருந்து விழுந்தவர் தடத்தின் மேலேயே கிடந்தால், பின்னால் நெருக்கமாக வருகிறவர்களுக்குத் தப்பிக்க அரை விநாடிகூட இருக்காது. பந்தயத்தின் முதல் சுற்றில், எல்லாரும் கும்பலாக முதல் வளைவுக்குள் நுழையும்போது, இந்த ஆபத்து மிக அதிகம். இதற்கு வெற்றிடம் மருந்தல்ல. எந்த வயதில், எத்தனை பேரை, எவ்வளவு சக்தியுள்ள வண்டியில் ஒன்றாக விடுவது என்ற முடிவுதான் மருந்து. அந்த முடிவைப் பெரியவர்கள் கண்டிப்போடு எடுக்கவேண்டும்.

சோழவரத்துப் பக்கத்தையும் பூந்தமல்லிப் பக்கத்தையும் இன்று வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை இணைக்கிறது. நள்ளிரவில் புறநகரின் அகலமான சாலைகளில் பையன்கள் ரேஸ் விடுவதும், காவல்துறை பைக்குகளைப் பறிமுதல் செய்வதும் அடிக்கடி செய்தியாகிறது. மேலே சொன்ன கணக்குகளை அந்தச் சாலையில் வைத்துப் பாருங்கள். நடுவே சிமென்ட் தடுப்பு, ஓரத்தில் விளக்குக் கம்பம், லாரி சிந்திய மணல். வண்டியைப் போட்டால் நிற்க அரை மீட்டர்கூட இல்லை. கொடி காட்டிப் பின்னால் வருகிறவரை எச்சரிக்க ஆளில்லை. ஆம்புலன்ஸ் எங்கிருந்தோ வரவேண்டும். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 நாட்களில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருத்தடத்தில் இரவுப் பந்தயம் நடந்ததே, அதுவும் ஊர்ச்சாலைதானே என்று கேட்கலாம். அங்கே இருபுறமும் கான்கிரீட் தடுப்பும் வேலியும் நிறுத்தி, சாலையைச் செப்பனிட்டு, சர்வதேசக் கூட்டமைப்பு பார்த்து ஒப்புதல் தந்த பிறகே வண்டிகளை விட்டார்கள். அப்போதும் ஓட்டுநர்கள் சுவருக்குப் பக்கத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் ஓட்டினார்கள், தவறினால் ஓடி நிற்க இடமில்லையென்று தெரிந்ததால்.

இருங்காட்டுக்கோட்டைக்குப் பந்தயம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நேர்ப்பாதைக்கு எதிரே உட்கார்ந்தால் சத்தம்தான் மிஞ்சும். வண்டிகள் கண்ணை இமைப்பதற்குள் போய்விடும். முடிந்தால் நேர்ப்பாதை முடிந்து வளைவு தொடங்கும் இடம் தெரிகிற மாதிரி இடம் பிடியுங்கள். ஒவ்வொரு வண்டியின் மூக்கும் எந்த இடத்தில் தாழ்கிறது என்று கவனியுங்கள். அங்கேதான் பிரேக் விழுகிறது. முன்னணியில் இருப்பவர் எப்போதும் கடைசியாகப் பிரேக் பிடிப்பவராக இருக்கமாட்டார். பிறகு வளைவைவிட்டு வெளியே வரும்போது எஞ்சின் சத்தம் எப்போது முழுசாக எழுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். யாருடைய எஞ்சின் முதலில் பாடத் தொடங்குகிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று சுற்றுகளில் அந்த வண்டி முன்னேறியிருக்கிறதா என்று நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.